மோட்டார் ஹோமில் லித்தியம்: பேட்டரிக்கு முன் வயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் மோட்டார் ஹோம் வாங்கி, பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வேல்ஸ், ஸ்காட்லாந்து என்று கிளம்பும் தமிழர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பழைய லெட் ஆசிட் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் லித்தியத்தை உட்காரவைத்தால் கரண்டுக் கவலை விட்டது என்ற பொருளில் இரண்டு வரி அதில் இருந்தது. கடைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அந்த இரண்டு வரியை நம்பிப் பணம் போடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

வீட்டு இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி வைத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பழகிய நம்மவர்களுக்கு அடிப்படை தெரியும். லெட் ஆசிட்டில் பெயர்ப்பலகை 100 ஏஎச் என்றாலும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும். கையில் இருப்பது 50. மோட்டார் ஹோமில் போடும் லித்தியம் என்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 3.2 வோல்ட் செல் நான்கு, தொடராக இணைத்து 12.8 வோல்ட். இதில் 80, 90 வரை தாராளமாக எடுக்கலாம். எடையும் பெரிய விஷயம்: 100 ஏஎச் ஏஜிஎம் (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத லெட் ஆசிட் ரகம்) பேட்டரி 28 கிலோவை ஒட்டி இருக்கும், லித்தியம் 11, 12 கிலோதான். இங்கே 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் லைசென்ஸ் வாங்கியவர்கள் பொதுவாக 3,500 கிலோ வண்டிதான் ஓட்டலாம். தண்ணீர் டேங்க், சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றியபின் அந்த வரம்பில் மிச்சம் இருப்பது பல வண்டிகளில் மிகச் சொற்பம். இரண்டு ஏஜிஎம்மை எடுத்துவிட்டு ஒரு 150 ஏஎச் லித்தியம் வைத்தால் 40 கிலோ மிஞ்சும்.

இருந்தாலும் எல்லோருக்கும் இது தேவையில்லை. போகிற இடமெல்லாம் கேம்ப் சைட்டில் ஹூக்-அப் கம்பத்தில் 230 வோல்ட் கேபிளைச் செருகிவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு லித்தியம் வீண் செலவு. நல்ல ஏஜிஎம் ஒன்று போதும். லித்தியம் பயன்படுவது பிளக் பாயிண்டே இல்லாத இடத்தில் இரண்டு, மூன்று இரவு நிற்பவர்களுக்கு: பிரான்சில் 'ஏர்' எனப்படும் மோட்டார் ஹோம் நிறுத்தங்களில் பல, விவசாயியிடம் கேட்டு நிற்கும் வயல்வெளி, இப்படி. (ஸ்காட்லாந்தில் எங்கு வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தித் தூங்கச் சட்டம் இடம் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களுக்கு. மோட்டார் வண்டிக்கு அல்ல.)

பேட்டரி வாங்கும் முன் ஒரு தாளில் கணக்கு எழுதுங்கள். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் இழுக்கும்; விட்டு விட்டு ஓடுவதால் ஒரு நாளைக்கு 40 ஏஎச் என்று வையுங்கள். டீசல் ஹீட்டர் பற்றும்போது சில நிமிடம் 8, 10 ஆம்பியர் வரை போய், பிறகு 1.5 முதல் 2 ஆம்பியரில் நிற்கும். பத்து மணி நேர இரவுக்கு 18. எல்இடி விளக்குகள் 6. தண்ணீர் பம்ப் சத்தம்தான் பெரிது, மொத்தமே 2. போன்கள், ஒரு லேப்டாப், பிள்ளைகளின் டேப்லெட் எல்லாம் சேர்த்து 15. கூட்டினால் 81. இதுவரை சோறு வடிக்கவில்லை. 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, சுமார் 30 ஏஎச் போய்விடும். ஆக ஒரு நாளைக்கு 110. 100 ஏஎச் லித்தியம் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று நாள் நிற்கலாம் என்பது இந்தக் கணக்கில் எங்குமே வராது. கேஸ் அடுப்பில் குக்கர் வைத்து, ஃபிரிட்ஜும் கேஸில் ஓடும் மூன்று-வழி (கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட்) ரகமாக இருந்தால் நாளுக்கு 40-ஐ ஒட்டி நிற்கும். அப்போது அதே பேட்டரி இரண்டு நாள் தாங்கும்.

செலவை எழுதியாகிவிட்டது, வரவைப் பார்ப்போம். கூரையில் படுத்திருக்கும் 200 வாட் சோலார் பேனல், நல்ல எம்பிபிடி கண்ட்ரோலரோடு (பேனலின் முழுத் திறனையும் எடுத்துச் சார்ஜ் செய்யும் கருவி), லண்டன் பக்கம் ஜூனில் நாளுக்குச் சுமார் 800 வாட்-மணி தரும், அதாவது 60 ஏஎச். அதே பேனல் டிசம்பரில் 90 வாட்-மணி, 7 ஏஎச். ஆறு பேனல் வைத்தாலும் குளிர்காலத்தில் அரைப்பட்டினிதான். சென்னை வெயிலை மனத்தில் வைத்து இங்கே கணக்குப் போடக் கூடாது. மரநிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தால்கூட வரவு சரியும். எனவே அக்டோபர் முதல் பிப்ரவரி வரை பேட்டரியை நிரப்பப்போவது என்ஜின் சுழற்றும் மின்னாக்கியான அல்டர்னேட்டர்தான். அந்தப் பாதையில்தான் கோளாறுகள் எல்லாம் குடியிருக்கின்றன.

பழைய வண்டிகளில் என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரிக்கும், உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜுக்கான லெஷர் பேட்டரிக்கும் நடுவே ஒரு ரிலே இருக்கும். என்ஜின் ஓடினால் இணைக்கும், நின்றால் பிரிக்கும். லெட் ஆசிட்டுக்கு இது போதும், ஏனென்றால் அதன் உள் எதிர்ப்பு அதிகம். தானாகவே கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். லித்தியத்துக்கு அந்த அடக்கம் கிடையாது. காலியாக இருந்தால் வயரும் அல்டர்னேட்டரும் எவ்வளவு தருமோ அவ்வளவையும் இழுக்கும். லெட் ஆசிட்டுக்கென்று போட்ட மெல்லிய வயர் சுடும், 40 அல்லது 50 ஆம்பியர் ஃபியூஸ் போகும். வயர் தடிமனாக இருந்தால் இன்னும் மோசம்: சூடு அல்டர்னேட்டருக்குப் போகும். அல்டர்னேட்டரின் விசிறி அதன் தண்டிலேயே சுற்றுவது. டிராஃபிக்கில் என்ஜின் ஐடிலில் நிற்கும்போது காற்று குறைவு, கேட்கப்படும் கரண்டோ முழுசு. சுருளின் வார்னிஷ் கருகுவது அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ், அதாவது செல்களைக் காக்கும் மின்னணுத் தகடு, ஏதோ காரணத்தால் சார்ஜிங் நடுவில் சட்டென்று துண்டித்தால், அல்டர்னேட்டர் தந்துகொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் எகிறும். டயோடு போகும், சில சமயம் வண்டியின் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து போகும்.

வோல்டேஜைப் பார்த்து இயங்கும் ரிலே வேறுவிதமாக ஏமாறும். அது பொதுவாக 13.3 வோல்ட்டில் சேரும், 12.8-க்கு இறங்கினால் பிரியும். லெட் ஆசிட் ஓய்வில் 12.7-க்கு வந்துவிடும், ரிலேயும் பிரிந்துவிடும். லித்தியம் ஓய்விலேயே 13.2 நிற்கும். என்ஜினை அணைத்த பிறகும் என்ஜின் ஓடுவதாக நினைத்து ரிலே சேர்ந்தே இருக்கும். இரண்டு பேட்டரியும் இரவெல்லாம் கைகோத்துக்கொண்டு இருந்தால், லித்தியத்தில் சேர்ந்தது ஸ்டார்ட்டர் பேட்டரிக்குக் கசிந்துகொண்டே இருக்கும்.

இதற்கு ஒரே ஒழுங்கான மருந்து பி-டு-பி (பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு) சார்ஜர். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து வாங்கி, லித்தியத்துக்கு வேண்டிய 14.2 முதல் 14.4 வோல்ட்டுக்கு ஏற்றி, கரண்டையும் அளந்து கொடுக்கும். யூரோ 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் இது கட்டாயம் என்றே சொல்லலாம். அவற்றின் ஸ்மார்ட் அல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சம்பிடிக்க வோல்டேஜை 12.4-க்குக்கூட இறக்கும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் 15-ஐத் தொடும். பெரும்பாலானவர்களுக்கு 30 ஆம்பியர் சார்ஜர் போதும்: இரண்டு மணி நேர ஓட்டத்தில் 60 ஏஎச். 50, 60 ஆம்பியர் வேண்டுமென்றால் முதலில் உங்கள் அல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது வயர். 30 ஆம்பியர் சார்ஜர் வெளியே 30 தர, உள்ளே சுமார் 36 ஆம்பியர் இழுக்கும். என்ஜினிலிருந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரிக்கு 5 மீட்டர், திரும்பி வர 5 மீட்டர் என்றால், 6 ஸ்கொயர் எம்எம் வயரில் ஏறக்குறைய 1 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.4 வோல்ட். ஒரு வோல்ட்தானே என்று விட்டுவிட முடியாது. ஸ்மார்ட் அல்டர்னேட்டர் 12.4-இல் இருக்கும் நேரத்தில் சார்ஜருக்குப் போய்ச் சேருவது 11.4. என்ஜின் நின்றுவிட்டது என்று எண்ணிச் சார்ஜர் அணையும். அணைந்ததும் இழுப்பு இல்லை, வோல்டேஜ் ஏறும், மறுபடி சேரும், மறுபடி அணையும். சில வினாடிக்கு ஒருமுறை விளக்கு மாறி மாறி எரியும். சார்ஜர் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. புதியதும் அதையே செய்யும். வயரைத் தடிமனாக்குங்கள், என்ஜின் ஓடுகிறது என்பதைச் சொல்லும் டி-பிளஸ் (D+) சிக்னலைத் தனி வயரில் சார்ஜருக்குக் கொடுங்கள். 60 ஆம்பியர் ஃபியூஸ் ஸ்டார்ட்டர் பேட்டரிப் பக்கம் ஒன்று, லித்தியம் பக்கம் ஒன்று. இரண்டு முனையிலும் பேட்டரி இருப்பதால் ஒரு ஃபியூஸ் ஒரு பக்கத்தைத்தான் காக்கும். சார்ஜரே 60 வாட் வரை சூடாக்கித் தள்ளும் சாமான். அதன்மேல் போர்வையை அடுக்கினால் தன் கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பி-டு-பி போட்டவர்கள் மறக்கும் ஒன்று பழைய ரிலே. ஜெர்மன் வண்டிகளில் எலெக்ட்ரோபிளாக் என்ற பெட்டிக்குள் அந்த ரிலே ஒளிந்திருக்கும். அதைச் செயலிழக்கச் செய்யாவிட்டால், பி-டு-பி லித்தியத்துக்குத் தரும் கரண்டு ரிலே வழியாக ஸ்டார்ட்டர் பேட்டரிக்கே திரும்பி, அங்கிருந்து மறுபடி பி-டு-பிக்கு வரும். கிணற்றில் இறைத்த நீரைக் கிணற்றிலேயே ஊற்றும் கதை. மீட்டரில் 30 ஆம்பியர் காட்டும், பேட்டரி மட்டும் நிறையாது. அந்த ரிலேயைத் துண்டிக்கும்போது, என்ஜின் ஓடும்போது மூன்று-வழி ஃபிரிட்ஜுக்கு 12 வோல்ட் தரும் வேறு ரிலேயைத் தவறுதலாகப் பிடுங்கிவிடக் கூடாது.

வண்டியில் ஏற்கெனவே இருக்கும் 230 வோல்ட் சார்ஜரைப் பற்றிச் சுருக்கமாக: ஜெல் என்று ஒரு நிலை இருந்தால், 14.3 வோல்ட்டை ஒட்டியது, அதை வைத்து ஓட்டலாம். 13.8-லேயே நிற்கும் எளிய சார்ஜராக இருந்தால் மெதுவாக நிறையும், ஆனால் செல்களைச் சமப்படுத்தும் வேலை சரியாக நடக்காது. மாதம் ஒருமுறையாவது 14.2-க்கு மேல் ஏற்ற வேறு வழி வேண்டும். வெப்பநிலைக்கு ஏற்ப வோல்டேஜை மாற்றும் வசதியை அணையுங்கள். டிசல்ஃபேஷன், ஈக்வலைஸ் என்ற பெயரில் 14.6 வோல்ட்டைத் தாண்டுகிற எதுவும் லித்தியத்துக்கு ஆகாது. மாதக்கணக்கில் ஹூக்-அப்பில் செருகியே வைப்பதும் வேண்டாம். ஃப்ளோட், அதாவது நிறைந்தபின் சார்ஜர் தாங்கி நிற்கும் வோல்டேஜ், 13.5-ஆக இருக்கட்டும்.

இன்வெர்ட்டர்தான் மனிதர்களின் ஆசை தெரியும் இடம். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12.8 வோல்ட் பக்கம் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 100 ஏஎச் பேட்டரிகள் பலவற்றில் பிஎம்எஸ் 100 ஆம்பியருக்கு மேல் விடாது. கெட்டிலை ஆன் செய்த மறுகணம் வண்டி முழுக்க இருட்டு; பேட்டரி செத்துவிட்டது என்று பதற்றம். சாகவில்லை, தன்னைக் காத்துக்கொண்டது. அந்த பேட்டரி தரக்கூடியது 1,100 வாட்டை ஒட்டித்தான். கவனியுங்கள், ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 10 ஏஎச் போதும், பேட்டரிக்கு அது பெரிய செலவே அல்ல. ஒரே நேரத்தில் கேட்கும் அளவுதான் சிக்கல். எனவே வீட்டின் 3,000 வாட் கெட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு, 750 வாட் பயணக் கெட்டிலை எடுங்கள். கூட ஆறேழு நிமிடம் ஆகும், அவ்வளவே. மிக்ஸிக்கும் இதே நியாயம். சட்னிக்கு மூன்று நிமிடம் ஓடும் 750 வாட் மிக்ஸியின் மொத்தச் செலவு 3, 4 ஏஎச். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். ஜாரை நிரப்பிவிட்டு நேரே மூன்றாம் வேகத்தில் திருப்பினால் இன்வெர்ட்டர் மடங்கும். முதல் வேகத்தில் தொடங்குங்கள். ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் தவிர வேறெதுவும் வாங்க வேண்டாம். மலிவான சதுர அலை ரகத்தில் மிக்ஸி உறுமும், சூடேறும், நாளடைவில் வேகக் கட்டுப்பாடு போகும்.

சும்மா ஆனில் இருக்கும் பெரிய இன்வெர்ட்டரும் 10 முதல் 20 வாட் தின்னும். ஒரு நாள் முழுக்க விட்டால் 20 முதல் 38 ஏஎச், ஒரு ஃபிரிட்ஜுக்குச் சமம். அதற்கு ஸ்விட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டரின் வெளியீட்டை வண்டியின் எல்லா 230 வோல்ட் பாயிண்டுகளுக்கும் கொடுத்துவிடுகிறவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள்: ஹூக்-அப் வந்துவிட்டது என்று பேட்டரி சார்ஜர் தானே ஓடத் தொடங்கும், ஆட்டோ நிலையில் விட்ட மூன்று-வழி ஃபிரிட்ஜ் கேஸை விட்டு மின்சாரத்துக்குத் தாவும். பேட்டரியே பேட்டரியைச் சார்ஜ் செய்து இரவோடு இரவாகக் காலியாகும். இன்வெர்ட்டருக்கு இரண்டு தனிப் பாயிண்ட் போதும். எல்லாவற்றுக்கும் வேண்டுமானால் சேஞ்ச்-ஓவர் (ஹூக்-அப்புக்கும் இன்வெர்ட்டருக்கும் மாற்றும் ஸ்விட்ச்), ஆர்சிடி (மின்கசிவில் துண்டிக்கும் ஸ்விட்ச்), எர்த் இணைப்பு மூன்றையும் 230 வோல்ட் வேலைக்குத் தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

லித்தியத்தில் தீ என்றதும் எல்லோரும் செல்லைத்தான் சந்தேகிக்கிறார்கள். இரும்பு பாஸ்பேட் செல் எளிதில் பற்றாது. நான் அஞ்சுவது லக்குக்கு, அதாவது வயர் முனையில் மாட்டும் உலோக வளையத்துக்கு. தாமிர வயரின் முனையில் லக்கை மாட்டி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்கை (சூட்டில் சுருங்கும் உறை) சுருக்கிவிட்டால் பார்வைக்குப் பட்டறை வேலைபோலவே இருக்கும். உள்ளே இழைகளுக்கு நடுவில் காற்று. அந்த இணைப்பின் எதிர்ப்பு ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். விளக்குக்குப் போகும் 2 ஆம்பியரில் ஒன்றும் தெரியாது. 170 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 30 வாட் வெப்பம், சாலிடரிங் அயர்ன் முனை அளவு. முதலில் ஹீட் ஷ்ரிங்கின் ஓரம் பளபளப்பு இழக்கும், பிறகு வயரின் உறை பழுப்பாகும், விறைக்கும். ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியில் அளவுக்கேற்ற அச்சை வைத்து அழுத்துங்கள். லக்கைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். வாஷர்கள் லக்குக்கு மேலே வர வேண்டும். பேட்டரி முனைக்கும் லக்குக்கும் நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷரைச் செருகுவது அடிக்கடி நடக்கும் பிழை. போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முடுக்குங்கள். பிறகு முழுச் சுமையைப் பத்து நிமிடம் ஓட்டி, அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதுதான் திருடன்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். 1,000 வாட் இன்வெர்ட்டருக்கு 35 ஸ்கொயர் எம்எம் வயரும் 125 ஆம்பியர் ஃபியூஸும், 2,000 வாட்டுக்கு 70 ஸ்கொயர் எம்எம்மும் 250 ஆம்பியரும் என் சிபாரிசு, வயர் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும்பட்சத்தில். லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் பாயும். அந்த வேகத்தில் சாதாரண ஃபியூஸ் உருகினாலும் நடுவில் தீப்பொறி வில்லாக நின்று கரண்டு தொடர்ந்து ஓடலாம். 20,000 ஆம்பியர் வரை அறுக்கும் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் விலை கூடுதல்தான். பெரிய இன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குளிர். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் அயனிகள் செல்லின் கிராஃபைட் மின்முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். படிந்தது பெரும்பாலும் திரும்பாது. வெளியிலிருந்து எந்த அடையாளமும் தெரியாமல் கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். எடுத்துப் பயன்படுத்துவதற்குத் தடையில்லை, பல பேட்டரிகள் மைனஸ் 20 வரை தரும். எனவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: குளிரில் சார்ஜை நிறுத்தும் காப்பு பிஎம்எஸ்ஸில் உண்டா? இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சூடேற்றும் பட்டை உள்ள ரகமும் வருகிறது. ஆனால் பல மாடல்களில் அந்தப் பட்டை, சார்ஜ் கரண்டு வரும்போது மட்டுமே அதை எடுத்து வேலை செய்யும். ஜனவரி மாதச் சோலார் தரும் அரை ஆம்பியர் அந்தப் பட்டைக்கே பற்றாது. அதைவிட, வண்டிக்கு அடியில் தொங்கும் பெட்டியை விட்டுவிட்டு, பேட்டரியை உள்ளே சீட்டுக்கு அடியில் வைப்பது மேல். ஹீட்டரின் வெந்நீர்க் குழாயும் காற்றுக் குழாயும் உரசாமல் ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள்.

பிஎம்எஸ் துண்டித்தால் டீசல் ஹீட்டருக்கு ஆகும் கேட்டையும் சொல்ல வேண்டும். அணைக்கும் பட்டனை அழுத்தினாலும் அந்த ஹீட்டர் உடனே நிற்பதில்லை. உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்ற விசிறி சில நிமிடம் ஓடும். நடுராத்திரியில் கரண்டு சட்டென்று போனால் அந்த ஓட்டம் இல்லை. எரியறைச் சூடு உள்ளேயே தங்கி, சென்சாரையும் விசிறியையும் வாட்டும். பேட்டரி 20 சதவீதத்துக்கு வந்ததும் ஒழுங்காக அணைத்துவிடுவதே நல்லது.

அந்த 20 சதவீதத்தை எப்படி அறிவது? வண்டியின் பேனலில் உள்ள வோல்ட் மீட்டரை நம்ப முடியாது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் லித்தியத்தின் வோல்டேஜ் வித்தியாசம் கால் வோல்ட்டைச் சுற்றித்தான். லெட் ஆசிட்டுக்கு அளவிட்ட பேனல், கடைசி நிமிடம் வரை முழுசு என்றே காட்டி, திடீரென்று கைவிரிக்கும். நெகட்டிவ் வயரில் ஒரு ஷண்ட் (கரண்டை அளக்க உதவும் உலோகத் துண்டு) போட்டு, போவதையும் வருவதையும் எண்ணும் மீட்டர் வேண்டும். அதில் கொள்ளளவை எழுதி, முழு சார்ஜ் வோல்டேஜ் 14.0, சார்ஜ் திறன் 99 சதவீதம், பியூக்கர்ட் எண் (வேகமாக இழுத்தால் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்பதைக் காட்டுவது) 1.05 என்று அமையுங்கள். லெட் ஆசிட்டுக்கான எண்களை அப்படியே விட்டால் கணக்கு பிசகும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்ட்டுக்குப் போகும் வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். சோலாரின் நெகட்டிவ்வையோ சேஸிஸ் எர்த்தையோ நேரே முனையில் மாட்டியிருந்தால் அதன் வழியே போவது எண்ணிக்கையில் வராது.

இரண்டு பேட்டரியை இணையாகப் போடுகிறவர்கள் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே வயதாகப் பார்த்து வாங்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே முழுக்கச் சார்ஜ் செய்து, இரண்டின் வோல்டேஜும் 0.05-க்குள் ஒன்றாக இருக்கும்போது மட்டும் இணையுங்கள். வெளியே போகும் பாசிட்டிவ் வயர் முதல் பேட்டரியிலிருந்து, நெகட்டிவ் வயர் இரண்டாவதிலிருந்து. பழைய லெட் ஆசிட்டோடு சேர்த்துக் கட்டுவது பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம்.

மலிவு பேட்டரியைத் தராசில் பிடித்துவிடலாம். 100 ஏஎச் செல் ஒன்று சுமார் 2 கிலோ. நான்கு செல் 8, பெட்டியும் பிஎம்எஸ்ஸும் சேர்ந்தால் 10 தாண்ட வேண்டும். 100 ஏஎச் என்று எழுதி 7 கிலோ இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே ஊகிக்கலாம். வந்ததும் முழுக்கச் சார்ஜ் செய்து, 10 ஆம்பியர் சுமையைத் தொடர்ந்து கொடுத்து, எத்தனை மணி நேரத்தில் பிஎம்எஸ் துண்டிக்கிறது என்று குறித்துவையுங்கள். பத்து மணி நேரத்தை ஒட்டி வர வேண்டும். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். யுஎன் 38.3 என்பது கொண்டுசெல்லும்போது பாதுகாப்பா என்பதற்கான சோதனை மட்டும்; அதைப் பெரிய எழுத்தில் போட்டு ஆயுளுக்கு உத்தரவாதம்போல் விற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பேட்டரி மாற்றியதை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் முக்கியம்.

குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தி வைக்கும்போது 50, 60 சதவீதத்தில் விட்டு, பேட்டரியை முழுதாகப் பிரிக்கும் ஸ்விட்சான மெயின் ஐசொலேட்டரை அணைத்துவிடுங்கள். முழுதாக நிரப்பி வைக்கத் தேவையில்லை. அது லெட் ஆசிட் கால வழக்கம். திருட்டு அலாரமும் டிராக்கரும் லெஷர் பேட்டரியில் தொங்கினால் 40 மில்லி ஆம்பியரே ஒரு நாளைக்கு 1 ஏஎச். இரண்டு மாதத்தில் 60 ஏஎச் காணாமல் போகும். அப்படிக் காலியாகி பிஎம்எஸ் துண்டித்துவிட்டால் முனைகளில் 0 வோல்ட் காட்டும், சில சார்ஜர்கள் பேட்டரியே இல்லை என்று நினைத்துத் தொடங்க மறுக்கும். லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் உயிர் வரும். அதற்கும் பனி உறையும் காலையைத் தேர்ந்தெடுக்காமல், ஹீட்டரை ஹூக்-அப்பில் போட்டு வண்டியின் உள்ளே 10 டிகிரி ஆனபிறகு, பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சீட்டுக்கு அடியில் இருக்கும் செல் அறைக்காற்றைவிட மணிக்கணக்கில் பின்தங்கியே சூடாகும்.

இங்ஙனம்,
வாகன மின்பணி செய்யும் வாசகர்,
கிழக்கு லண்டன்.